கத்தியும் குரலும்: அதிரடி வீடியோ கேம்களின் கதை

வீடியோ கேம் என்றாலே பட்டனைத் தட்டுவது, எதிரியை அடிப்பது, கடைசியில் பரீட்சையில் கோட்டை விடுவது... இவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் நம் ஊர்ப்பக்கம் அதிகம். ஆனால் அந்த ஒரு அடிக்குப் பின்னால் ஓவியரும், கணக்குப் போடுபவரும், சண்டை வடிவமைப்பாளரும், தொண்டை கிழியக் கத்தும் ஒரு குரல் நடிகரும் இருக்கிறார்கள். அந்தக் கத்தியும் குரலும் எப்படி ஒன்று சேர்ந்தன, அந்தக் கதையில் இந்தியா எங்கே வருகிறது, தமிழ் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

கதையை மீன்சுருட்டிப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். மீன்சுருட்டிக்கு அருகில் இருக்கிறது கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் ராஜேந்திரன் 11-ம் நூற்றாண்டில் கட்டிய கோயில். 2004-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாகச் சேர்க்கப்பட்டது. கோயில் வளாகத்தில் சிங்கக் கிணற்றுக்குப் பக்கத்தில் மகிஷாசுரமர்த்தினிக்கு ஒரு சன்னதி உண்டு. புராணத்தில் அந்தத் தேவிக்கு ஆயுதங்கள் எப்படி வந்தன? சிவன் திரிசூலம் தந்தார், விஷ்ணு சக்கரம் தந்தார், மற்ற தேவர்கள் ஆளுக்கொன்று தந்தார்கள். கையில் ஆயுதம் ஏற ஏறத்தான் போர் பெரிதாகிறது. இன்றைய கேம் பாஷையில் சொன்னால், இதுதான் 'அப்கிரேட்'!

இது வெறும் வேடிக்கைக்காகச் சொன்ன ஒப்பீடு இல்லை. 2020-ல் புனேயிலிருந்து வெளிவந்த 'ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்' என்ற கேமில், ராஜி என்ற பெண்ணுக்குத் துர்க்கை கொடுக்கும் ஆயுதம் திரிசூலம். விஷ்ணு கொடுப்பது வில். விளையாட்டு முழுக்க அந்த இரண்டு தெய்வங்களும் அவளைப் பார்த்துப் பேசிக்கொண்டே வருகிறார்கள். ஆனால் வெளிவந்த நாளில் துர்க்கையும் விஷ்ணுவும் பேசியது ஆங்கிலத்தில்! ஏன் அப்படி ஆனது? அதைப் புரிந்துகொள்ள நாற்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

ஊமைக் கத்திகளின் காலம்

அதிரடியும் சாகசமும் கலந்த கேம் என்றால் என்ன? வெறும் சண்டை மட்டும் என்றால் அது சண்டை கேம். வெறும் புதிர் மட்டும் என்றால் அது சாகச கேம். இரண்டும் கலந்து, ஒரு கதையின் நாயகன் ஊர் ஊராகப் போய், வழியில் புதிர் அவிழ்த்து, வழிமறிப்பவர்களோடு மோதி முன்னேறினால் அது அதிரடி சாகசம். நம் அம்புலிமாமா கதைகளின் அமைப்பும் இதுதான்.

ஆரம்ப காலத்தில் இந்த கேம்களுக்கு வாய் கிடையாது. காரணம் நினைவகம். ஒரு நிமிடக் குரலைச் சேமிக்கும் இடத்தில் ஒரு முழு கேமையே அடைத்துவிடலாம் என்ற நிலை. 1980-ல் வந்த 'பெர்செர்க்' என்ற ஆர்கேட் கேமில் ரோபோக்கள் பேசின. மொத்தம் சுமார் 30 சொற்கள்தான். அந்தக் காலத்தில் ஒரு சொல்லை டிஜிட்டல் குரலாக மாற்ற ஏறத்தாழ 1,000 டாலர் ஆனதாகச் சொல்வார்கள். சொல்லுக்கு ஆயிரம் பொற்காசு என்று புலவர்களுக்குப் பரிசு கொடுத்ததாகக் கதைகளில் படித்திருப்போம். கேம் உலகில் அது நிஜமாகவே நடந்திருக்கிறது.

வாய் இல்லாததால் உடல் பேச வேண்டியிருந்தது. 1989-ல் ஜோர்டன் மெக்னர் உருவாக்கிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' இதற்கு நல்ல உதாரணம். மெக்னர் தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்தார். அதை ஒவ்வொரு பிரேமாக வரைந்து இளவரசனின் அசைவாக மாற்றினார். வாள் சண்டைக்கு? 1938-ல் வந்த 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹுட்' படத்தின் கடைசி வாள் சண்டையைப் பார்த்து எடுத்துக்கொண்டார். அதாவது கேம் உலகின் புகழ்பெற்ற முதல் வாள் சண்டைகளில் ஒன்று சினிமாவிலிருந்து வந்தது. எம்.ஜி.ஆர்., நம்பியார் வாள் சண்டை பார்த்து வளர்ந்த ஊருக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

ஒவ்வொரு அடிக்கும் மூன்று கட்டம் உண்டு. ஓங்குவது, அடிப்பது, அடித்தபின் பழைய நிலைக்குத் திரும்புவது. எதிரி ஓங்கும்போது நாம் தப்பிக்க வேண்டும். அவன் திரும்பும்போது நாம் அடிக்க வேண்டும். ஓங்கும் நேரம் மிகக் குறைவாக இருந்தால் ஆடுபவருக்கு அநியாயமாகத் தோன்றும். மிக அதிகமாக இருந்தால் தூக்கம் வரும். இந்த நேரக் கணக்குதான் சண்டை வடிவமைப்பின் அடிப்படை. 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' இதை ஒரு சொல்கூடப் பேசாமல் செய்து காட்டியது.

ஒரு தேவதையின் கூவல்

அடுத்த பெரிய திருப்பம் 3டி. பக்கவாட்டில் மட்டும் நடந்த சண்டை எல்லாப் பக்கமும் திரும்பியபோது புதுச் சிக்கல் வந்தது. எதிரி எங்கே நிற்கிறான்? கேமரா யாரைப் பார்க்க வேண்டும்?

இதற்கு விடை 1998-ல் நின்டெண்டோ வெளியிட்ட 'தி லெஜன்ட் ஆஃப் செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்' கேமில் கிடைத்தது. அதை உருவாக்கியவர்கள் கியோட்டோவில் டோய் நிறுவனத்தின் திரைப்படப் பூங்காவுக்குப் போய், மேடையில் நடந்த சாமுராய், நின்ஜா சண்டைக் காட்சியைப் பார்த்தார்கள். சங்கிலியில் கட்டிய அரிவாளை ஒருவன் எதிரியின் மேல் வீச, சங்கிலி இறுக, ஒருவன் மற்றவனைச் சுற்றி வட்டமடித்தான். ஒரு கண்ணுக்குத் தெரியாத சங்கிலி நாயகனையும் எதிரியையும் கட்டியிருந்தால் கேமராவுக்குக் குழப்பமே இல்லை அல்லவா! அந்த யோசனைதான் ஒரு பட்டனை அழுத்தி எதிரியைக் குறிவைக்கும் முறையாக மாறியது.

அதே மேடையில் அவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். நாயகனைச் சுற்றிப் பத்து பேர் நின்றாலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் பாய்ந்தார்கள். தமிழ்ப் படம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பத்து அடியாட்களும் வரிசையில் நின்று டோக்கன் வாங்கியது போல் வந்து அடி வாங்கிப் போவார்கள்! நாம் கிண்டல் செய்யும் இந்த வழக்கத்தை உலகின் தலைசிறந்த கேம் வடிவமைப்பாளர்கள் விரும்பியே எடுத்துக்கொண்டார்கள் என்பது சுவையான செய்தி.

குரல் சண்டைக்குள் நுழைந்ததும் இங்கேதான். குறிவைத்த எதிரியின் மேல் ஒரு முக்கோணக் குறி போட்டால் அழகாக இல்லை என்று, அந்தக் குறியையே நாவி என்ற குட்டித் தேவதையாக மாற்றினார்கள். நாவி எதிரியின் மேல் போய்ப் பறக்கும். கவனி கவனி என்று கூவும். நாயகன் லிங்க் பேசுவதே இல்லை. வாள் வீசும்போது எழுப்பும் கத்தல் மட்டும்தான். ஆனால் அந்தக் கத்தலும் தேவதையின் கூவலும் சேர்ந்து, எப்போது அடிக்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று ஆடுபவருக்குச் சொல்லிக்கொடுத்தன. குரல் அலங்காரமாக இருந்தது போய்க் கருவியாக மாறிய இடம் இது.

சிடி வந்தது, வாய் திறந்தது

1990-களில் சிடி வந்ததும் இடப் பிரச்சினை தீர்ந்தது. 1.44 எம்பி பிளாப்பி எங்கே, 650 எம்பி சிடி எங்கே! எல்லா கேமும் பேசத் தொடங்கியது. பேசத் தொடங்கியதும் எப்படிப் பேசுவது என்ற கேள்வியும் வந்தது. 1996-ல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்' பயமுறுத்தும் கேம்தான். ஆனால் அதன் ஆங்கில வசன உச்சரிப்பு இன்றுவரை சிரிப்புக்கு ஆளாகிறது. ஜப்பானிய நிறுவனம், ஆங்கில வசனம், ஒட்டாத நடிப்பு. ஒரு மொழியில் யோசித்து இன்னொரு மொழியில் பேச வைத்தால் வரும் கோளாறு. தமிழ் டப்பிங் படங்களில் உதடு ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் போவதைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

2001-ல் 'டெவில் மே க்ரை' வந்தது. இதன் சண்டைமுறை பிறந்த விதம் விசித்திரமானது. அதே காப்காம் நிறுவனத்தின் 'ஒனிமுஷா' கேமைச் சோதித்தபோது ஒரு பிழை தெரிந்தது. எதிரியைத் தொடர்ந்து வெட்டினால் அவன் கீழே விழாமல் காற்றிலேயே தொங்கினான். மற்றவர்களாக இருந்தால் பிழையைத் திருத்திவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இயக்குநர் ஹிடேகி கமியா அதையே புதிய கேமின் மையமாக்கினார். எதிரியை மேலே தூக்கி அடித்து, கீழே விழாமல் பார்த்துக்கொள்ளும் அந்தப் பாணி பிறகு பல கேம்களுக்குப் பரவியது.

2003-ல் யுபிசாஃப்ட் மான்ட்ரியல் வெளியிட்ட 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' குரலை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனது. இளவரசனுக்குக் குரல் கொடுத்தவர் யூரி லோவன்தால். கதை முழுவதையும் இளவரசனே யாருக்கோ சொல்லிக்கொண்டிருப்பது போல் அமைத்திருந்தார்கள். நீங்கள் சண்டையில் தோற்று இளவரசன் செத்துவிட்டால், கதை சொல்லும் குரல் குறுக்கிட்டு, இல்லை இல்லை, அப்படி நடக்கவில்லை என்று திருத்தும். உடனே மறுபடி ஆட்டம் தொடங்கும். தோல்விகூடக் கதைக்குள் அடங்கிவிட்டது! பாட்டி கதை சொல்லும்போது இடையில் தவறிவிட்டு, இரு இரு, அது அப்புறம் வரும் என்பாளே, அதே உத்திதான்.

2005-ல் சோனியின் சான்டா மோனிகா ஸ்டூடியோ 'காட் ஆஃப் வார்' கேமை வெளியிட்டது. நாயகன் கிரேட்டோசின் கைகளில் சங்கிலி கட்டிய வாள்கள். சுழற்றினால் கூட்டமே சாயும். அவனுக்குக் குரல் கொடுத்தவர் டெரன்ஸ் சி. கார்சன். கதை சொன்னவர் ஆஸ்கர் விருது பெற்ற நடிகை லிண்டா ஹன்ட். அந்தக் கர்ஜனை இல்லாமல் அந்தச் சங்கிலி வாளுக்குப் பாதி எடைதான். கண்ணுக்குத் தெரிவது வாளின் வேகம். காதுதான் அதன் கனத்தைச் சொல்கிறது.

மகன் சொன்ன எச்சரிக்கை

இந்தக் கதையில் மிக முக்கியமான ஆண்டு என்றால் 2018-ஐச் சொல்லலாம். கோரி பார்லாக் இயக்கத்தில் 'காட் ஆஃப் வார்' புது வடிவில் வந்தது. கிரேட்டோசுக்குப் புதுக் குரல், கிறிஸ்டோபர் ஜட்ஜ். கூடவே மகன் அட்ரேயஸ் வருகிறான். அவனுக்குக் குரல் கொடுத்தவர் அப்போது சிறுவனாக இருந்த சன்னி சல்ஜிக்.

பழைய கேம்களில் கேமரா தூரத்தில் நின்று எல்லோரையும் காட்டும். இதில் கேமரா நாயகனின் தோளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. பார்க்க அருமை. ஆனால் முதுகுக்குப் பின்னால் வரும் எதிரி தெரியவே மாட்டான். என்ன செய்வது? திரையில் சின்ன அம்புக்குறிகள் எச்சரித்தன. அதோடு மகனின் குரலும் எச்சரித்தது. பின்னால் ஆள் வருகிறான், நெருப்பு வீசுகிறான் என்று சண்டை நடுவே கத்திக்கொண்டே இருப்பான். அப்பாவுக்கு முதுகில் கண் இல்லாத குறையை மகனின் வாய் தீர்த்தது.

இங்கேதான் இந்தக் கட்டுரையின் மையமான விஷயம் வருகிறது. சண்டை நடக்கும்போது சப்டைட்டில் படிக்க நேரம் கிடையாது. அரை நொடியில் திரும்ப வேண்டும். கண் எதிரியின் மேல் இருக்கிறது, விரல் பட்டனில் இருக்கிறது, காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. அந்தக் காதுக்குப் புரியாத மொழியில் எச்சரிக்கை வந்தால்? அது வெறும் சத்தம். ஆங்கிலம் தாய்மொழியான பையனுக்கு அந்த கேமில் இரண்டு உதவிகள் கிடைக்கின்றன. அம்புக்குறி ஒன்று, குரல் ஒன்று. மீன்சுருட்டியில் தமிழ் வழியில் படித்த பையனுக்கு ஒன்றுதான் கிடைக்கிறது. ஒரே கேம், ஒரே விலை, ஆனால் அவன் ஆடுவது இன்னும் கடினமான கேம்!

ஆக, எந்த மொழியில் பேசுகிறது என்பது விளம்பரத்துறை முடிவு செய்யும் விஷயம் மட்டும் அல்ல. அது சண்டை வடிவமைப்பின் ஒரு பகுதி.

இந்தியா களம் இறங்கிய கதை

இந்தியாவில் இந்த வகை கேம்கள் தாமதமாகத்தான் தொடங்கின. ஏ.ஆர்.முருகதாஸ் 2005-ல் தமிழில் எடுத்த 'கஜினி', 2008-ல் ஹிந்தியில் அமீர்கான் நடிக்க மறுபடி எடுக்கப்பட்டது. அதை வைத்து ஹைதராபாத்தின் எஃப்எக்ஸ்லேப்ஸ் நிறுவனம் கம்ப்யூட்டருக்கு ஒரு 3டி அதிரடி கேம் செய்தது. பயணத்தைப் பாருங்கள். தமிழில் பிறந்த கதை, ஹிந்தியில் வளர்ந்து, தெலுங்கு மண்ணில் கேம் ஆனது.

2009-ல் அதே ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ் 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற கேமை பிளேஸ்டேஷன் 2-க்காக உருவாக்கியது. முழுக்க இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் கன்சோல் கேம் என்ற பெருமை இதற்கு உண்டு. தெய்வத்தைப் பட்டன் தட்டி ஆட்டுவிப்பதா என்று அமெரிக்காவிலிருந்து எதிர்ப்புக் குரலும் வந்தது. கேம் விமர்சகர்களும் இதைக் கொண்டாடவில்லை. சண்டையில் மேலே சொன்ன நேரக் கணக்கு கூடிவரவில்லை. பெயர் நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது, அடியும் நம்முடையதாக விழ வேண்டும் என்ற பாடத்தை அது விட்டுச்சென்றது.

அதன் பிறகு சுமார் பத்து ஆண்டுகள் கழித்து வந்ததுதான் 'ராஜி'. புனேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம். 2017-ல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பொதுமக்களிடம் நிதி திரட்டிப் பார்த்தார்கள். இலக்கை எட்டவில்லை. எட்டாவிட்டால் ஒரு பைசாகூடக் கைக்கு வராது என்பது அந்தத் தளத்தின் விதி. அதோடு கடையை மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் விடவில்லை. பிறகு சூப்பர்.காம் வெளியீட்டாளராக வந்தது. 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்ச், அக்டோபரில் கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என வெளியானது. அந்த ஆண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த அறிமுக கேம் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது.

ராஜி ஒரு சர்க்கஸ் பெண். அசுரர்கள் தூக்கிப்போன தம்பி கோலுவைத் தேடிப் போகிறாள். அவளது சண்டைமுறை அவள் தொழிலிலிருந்தே வருகிறது. தூணைப் பிடித்துச் சுழல்வாள், சுவரில் ஓடித் திரும்பிப் பாய்வாள், கரணம் அடிப்பாள். கிரேட்டோசைப் போலத் தசையை நம்பாமல் உடலின் லாகவத்தை நம்புகிறாள். நாயகி யார் என்பதும் எப்படி அடிக்கிறாள் என்பதும் ஒன்றாகப் பொருந்துவது நல்ல வடிவமைப்பின் அடையாளம்.

ஓவியமும் ராஜஸ்தான் பாணிக் கட்டடங்களும் எல்லோராலும் பாராட்டப்பட்டன. ஆனால் சில விமர்சகர்கள் குறை சொன்னது குரல் நடிப்பைப் பற்றி. 2022-ல் மேம்படுத்தப்பட்ட பதிப்பு வந்தபோதுதான் முழு ஹிந்திக் குரல் சேர்ந்தது. அதாவது துர்க்கையும் விஷ்ணுவும் ஓர் இந்திய மொழியில் பேச இரண்டு ஆண்டுகள் ஆயின.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். குரல் பதிவுச் செலவு என்பது நிலையான செலவு. கேம் நூறு பிரதி விற்றாலும் லட்சம் பிரதி விற்றாலும் அதே செலவுதான். அதிகம் பேர் வாங்கினால் ஒரு பிரதிக்கு விழும் பங்கு குறையும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் ஹிந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 52.8 கோடி. தமிழ் சுமார் 6.9 கோடி. உலகச் சந்தைக்கு முதலில் ஆங்கிலம், உள்ளூருக்கு அடுத்து ஹிந்தி என்று ஒரு சிறு நிறுவனம் முடிவெடுத்தால் அது வணிகக் கணக்கு. ஆனால் அதே கணக்கை எல்லோரும் போட்டுக்கொண்டிருந்தால் தமிழின் முறை எப்போதுதான் வரும்?

கூத்தில் இருந்த கலை

ராஜியில் இன்னொரு அழகு உண்டு. கதைக் காட்சிகள் நிழல் பாவைகளாக வருகின்றன. தமிழ்நாட்டில் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு உடனே வீட்டு நினைவு வந்துவிடும். அந்தக் கூத்தில் திரைக்குப் பின்னால் ஒரே கலைஞர். ராமனும் அவரே, ராவணனும் அவரே, உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அவரே. ஒரு கையில் பாவை, மறு கையில் பாவை, வாயில் இரண்டு குரல். போர் வந்தால் அடி விழும் நொடியும் கத்தல் எழும் நொடியும் ஒன்றாகவே இருக்கும். இரண்டையும் செய்பவர் ஒருவரே என்பதால் பிசகு வராது.

தெருக்கூத்தும் அப்படித்தான். விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில் பீமன் வேடம் கட்டியவர் ஆடிக்கொண்டே பாட வேண்டும், பாடிக்கொண்டே அடவு போட வேண்டும். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்கும் கேட்க வேண்டும். கிறிஸ்டோபர் ஜட்ஜ் உடம்பில் சென்சார் ஒட்டிக்கொண்டு நடித்துக்கொண்டே பேசியதை உலகம் புதுமை என்று கொண்டாடியது. நியாயமான பாராட்டுதான். ஆனால் உடலும் குரலும் ஒரே ஆளிடமிருந்து வரவேண்டும் என்ற அறிவு நம் கூத்துக்காரர்களிடம் பல தலைமுறையாக இருக்கிறது.

சினிமாவிலும் ஆளுக்குக் குறைவில்லை. தமிழ்ப் படங்களில் நடிகர்கள் பின்னர் ஸ்டூடியோவில் டப்பிங் பேசுவது நெடுநாள் வழக்கம். சண்டைக் காட்சியின் முனகல், மூச்சு, அலறல் எல்லாம் அங்கே மறுபடி பதிவாகும். கேமுக்குத் தேவைப்படும் திறமையும் அதேதான். சின்ன அடி, பெரிய அடி, விழுதல், குதித்தல், சாவு என்று ஒவ்வொன்றுக்கும் பல விதமாகக் கத்திக் கொடுக்க வேண்டும். ஒரே கத்தல் திரும்பத் திரும்ப வந்தால் ஆடுபவருக்கு எரிச்சல் வரும். 2007-ல் சுட்டி டிவி தொடங்கியபின் அதில் தமிழ் பேசிய 'ஜாக்கி சான்' கார்ட்டூனை ஒரு தலைமுறையே விழுந்து விழுந்து பார்த்தது. அதன் வெற்றிக்கு முக்கியக் காரணம் மொழிபெயர்ப்பு போலவே தோன்றாத பேச்சுத் தமிழ்.

பேச்சுத் தமிழ் என்பது இங்கே ரொம்ப முக்கியம். 'உனக்குப் பின்னால் ஓர் எதிரி வந்துகொண்டிருக்கிறான்' என்று எழுதிக் கொடுத்து அட்ரேயஸைப் பேச வைத்தால், அவன் முடிப்பதற்குள் அப்பா செத்துவிடுவார்! 'அப்பா, பின்னாடி!' என்றால் போதும். திசைச் சொல் சட்டென்று வந்துவிடுகிறது. சண்டைக்குத் தேவையான சுருக்கம் நம் தெருப் பேச்சில் இயல்பாகவே இருக்கிறது. அதை எழுத்துத் தமிழாக்கிக் கெடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

தொண்டைக்கு ஒரு விலை

இவ்வளவு சொன்னபின் அந்தக் கத்தலைத் தருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் போர்க் கத்தல் கத்தினால் தொண்டை என்னாகும்? அமெரிக்காவின் சாக்-ஆஃப்ட்ரா சங்கம் 2016 அக்டோபரில் கேம் நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியது. தொண்டையை வருத்தும் பதிவு நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பது கோரிக்கைகளில் ஒன்று. 2017 செப்டம்பரில்தான் உடன்பாடு வந்தது. 2024 ஜூலையில் மறுபடி வேலைநிறுத்தம். இந்த முறை பிரச்சினை செயற்கை நுண்ணறிவு. நடிகரின் குரலை நகலெடுத்து, அவரைக் கேட்காமல் புதிய வசனம் பேச வைக்கக் கூடாது என்பதுதான் சண்டை. 2025-ல் ஒப்பந்தத்தோடு அது முடிந்தது.

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. 2024-ல் 'லால் சலாம்' படப் பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவு மூலம் ஏ.ஆர்.ரஹ்மான் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக அவரே தெரிவித்தார். எல்லோரும் அப்படி நடப்பார்களா என்பதுதான் கேள்வி. நாளை ஒரு நிறுவனம் தமிழுக்குத் தனியாகச் செலவு செய்ய முடியாது என்று இயந்திரக் குரலை ஒட்டிவிடலாம். அப்போது தமிழ்க் குரல் வந்தது போலவும் இருக்கும், ஒரு தமிழ்க் கலைஞருக்கும் வேலை கிடைக்காமலும் இருக்கும். இரண்டு சொல் எச்சரிக்கையை இயந்திரம் சொல்லிவிடும். ஆனால் தம்பியைத் தொலைத்த அக்காவின் கத்தலை அது எங்கிருந்து எடுக்கும்?

முடிவாக...

தமிழ் பேசினால் கேம் விற்காது என்பவர்களுக்கு ஒரு பதில் 2023-லேயே வந்துவிட்டது. டொரான்டோவின் விசை கேம்ஸ் செய்த 'வெண்பா', கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைப் பற்றிய கேம். கத்தி இருக்கிறது, ஆனால் காய் நறுக்க! ரேடியோவில் தமிழ்ப் பாட்டு ஓட, இட்லி அவிக்க வேண்டும். அது 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது பெற்றது. தமிழ் வாசம் உலகத்துக்குத் தடையாக இல்லை.

சமையலறையில் முடிந்தது போர்க்களத்தில் முடியாதா? தேவையானவை எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. அடவு கூத்தில் இருக்கிறது, சண்டைக் கலைஞர்களும் குரல் கலைஞர்களும் கோடம்பாக்கத்தில் இருக்கிறார்கள், கணினி படித்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒன்று சேர்க்க ஆளும் முதலும் வேண்டும். கிக்ஸ்டார்ட்டரில் தோற்ற புனேக்காரர்கள் மூன்றே ஆண்டில் கேமைக் கொண்டுவந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் அந்தத் தேவி ஆயுதங்களோடு பேசாமல் நிற்கிறாள். என்றாவது ஒரு நாள் ஒரு கேமில் அவள் திரிசூலத்தை நீட்டும்போது, மீன்சுருட்டிப் பையனின் முதுகுக்குப் பின்னால் அசுரன் பாய்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு சொல்.

'பின்னாடி!'